காற்று தொட்ட கன்னம்

அத்தியாயம் 11

வடகாற்று நான்காவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஹூச்சித்தான் ஊருக்கு இது புதிதல்ல. டிசம்பர் பிறந்துவிட்டால் கூரை ஓட்டின்மேல் கல் ஏற்றுவார்கள். துணிக்கொடியை வீட்டுக்குள் கட்டுவார்கள். நாய்கள்கூடச் சுவரை ஒட்டியே நடக்கும். தெருவில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசவேண்டும்.

ஒப்துலியாவின் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை.

உலர்ந்த இறால் விற்கிற ஒப்துலியாவின் தொண்டையைப் பற்றி இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சந்தையின் ஒரு கோடியில் அவள் கூவினால் மறுகோடியில் பாலாடைக்கட்டி விற்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். அந்த ஒப்துலியா மூன்று வாரமாகக் கடைக்குப் போகவில்லை. வாயைத் திறப்பதும் இல்லை. பல்வலி என்றுதான் ஆரம்பித்தது. வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். வலி நிற்கவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள்.

அவள் கணவர் மக்காரியோ வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கேட்காமல் நிலத்தைக் காற்றாலைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது போன மாதம்தான் அவளுக்குத் தெரியவந்தது. அன்றைக்கு ஊரே கேட்கச் சண்டை போட்டாள். மறுவாரம் பேச்சை நிறுத்தினாள். தொடப்போனால் முகத்தை இழுத்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வலை ஊஞ்சலைக் கட்டிக்கொண்டு அங்கேயே படுக்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு, சனிக்கிழமை, மகன் எர்மீலோவுக்குப் பேசியிருக்கும் யதீராவின் அம்மா வருகிறாள். பத்து நாளில் கல்யாணம்.

"அம்மா, இன்னைக்காவது அப்பாவோட சட்டையை அவுத்துப் போடு" என்றாள் மகள் நெரெய்தா. தொடக்கப்பள்ளி ஆசிரியை. சொன்னதைச் செய்யவைத்துப் பழகிய குரல். "சம்பந்தி வராங்க. வெல்வெட் ரவிக்கை எடுத்து வெச்சிருக்கேன்."

ஒப்துலியா தலையை மெல்ல ஆட்டி மறுத்தாள். முன்பக்கம் பொத்தான் வைத்த கணவரின் பழைய சட்டையைத்தான் அவள் இரண்டு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கருப்பு வெல்வெட்டும்மா. செகப்புப் பூ. நீயே குத்துன பூ. கையைத் தூக்கு."

தலைவழியாகத்தான் அந்த ரவிக்கையைப் போடமுடியும். நெரெய்தா துணியைச் சேர்த்துப் பிடித்து இறக்கினாள். வெல்வெட்டின் ஓரம் அம்மாவின் வலக்கன்னத்தை உரசியதோ இல்லையோ, ஒப்துலியாவின் உடம்பு மரமாக விறைத்தது.

அவள் அலறவில்லை. அலறியிருந்தால் நெரெய்தா இத்தனை பயந்திருக்கமாட்டாள். வலக்கண் இறுக மூடிக்கொண்டது. வாயின் வலக்கோடி மேலே இழுத்துக்கொண்டது. வலக்கை கன்னத்தை நோக்கிப் போய், ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது.

நெரெய்தா தன்னையறியாமல் எண்ணினாள். பன்னிரண்டு எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒப்துலியா கண்ணைத் திறந்தாள். ஒன்றுமே நடக்காதது போல ரவிக்கையை இடுப்புக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

ஒப்துலியா உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கு வழியாகச் சொன்னாள். "பல்லு."

"அந்தப் பல்லைப் புடுங்கிப் பதினெட்டு நாளாச்சேம்மா!"

அப்போதுதான் நெரெய்தா கவனித்தாள். அம்மாவின் முகத்தில் இடப்பக்கம் மட்டும் கழுவியிருந்தது. வலப்பக்க மூக்கோரத்தில் பல நாள் அடுப்புக்கரி அப்படியே ஒட்டியிருந்தது.

*

பத்து மணிக்கு பெத்ரோனா வந்தாள். அகன்ற பாவாடையைக் காற்று தூக்காமலிருக்க இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் மகள் யதீரா, இனிப்பு ரொட்டிக் கூடையுடன்.

"என்ன காத்து, என்ன காத்து! சம்பந்தி வீட்டுக்கு வரதுக்குள்ள பாதித் தலைமுடி பறந்துபோச்சு!"

மக்காரியோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒன்பது மணியிலிருந்து இதோடு நாலாவது முறை துடைக்கிறார்.

பெத்ரோனாவுக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் வாயால், 'உங்க பொண்ணை என் பொண்ணா வெச்சுக்குவேன்' என்று சொல்லவேண்டும். அவளுடைய மூத்த மகளின் மாமியார் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் பட்ட பாட்டை ஊரே அறியும்.

"எங்க என் சம்பந்தி? ஊரையே ஏலம் போடற ஆளு எங்க ஒளிஞ்சிருக்கு?"

ஒப்துலியா உள்ளறையிலிருந்து வந்தாள். வெல்வெட்டும், காதில் தொங்கட்டானும், இடப்பக்கம் மட்டும் சிரிக்கிற வாயுமாக வந்தாள். பெத்ரோனா இரண்டு கையையும் விரித்து அவள் தோளைப் பிடித்து, எல்லோரும் செய்வதுபோலக் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டாள்.

வலக்கன்னம்.

ஒப்துலியாவின் இரண்டு கையும் தாமாகவே எழுந்து பெத்ரோனாவின் மார்பில் மோதித் தள்ளின. பெத்ரோனா பின்னால் சாய்ந்தாள். யதீரா அம்மாவைப் பிடிக்கப்போக, கூடை கவிழ்ந்து ரொட்டியெல்லாம் மண்தரையில் உருண்டது.

பெத்ரோனா சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"என்னைத் தள்ளினியா?" என்றாள் பெத்ரோனா. நம்பமுடியாத குரல். "உன் வீட்டு வாசல்ல, என் பொண்ணு முன்னாடி, என்னைப் புடிச்சுத் தள்ளினியா?"

ஒப்துலியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பல்லு..." என்று நெரெய்தா குறுக்கே வந்தாள்.

"பல்லு வலிச்சா வாய்லதானே வலிக்கும்? கை எதுக்கு நீளுது?" பெத்ரோனாவுக்கு மூச்சு வாங்கியது. "சந்தை முழுக்க வாயடிக்கிறவளுக்கு என் பொண்ணுக்குன்னு ஒரு வார்த்தை வரமாட்டேங்குதா? திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கறா, பாருடி! நட போலாம்."

யதீரா ரொட்டிகளைப் பொறுக்கக் குனிந்தாள். "விடுடி அதை!" என்று பெத்ரோனா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் அடக்கிவைத்திருந்த மக்காரியோ அப்போது வெடித்தார்.

"திருப்தியா உனக்கு? நான் பண்ணது தப்புதான். நிலத்தைக் குடுத்தது தப்பு, சொல்லாதது தப்பு. திட்டு, அடி, வாங்கிக்கறேன். அந்தக் கோவத்தைப் புள்ள கல்யாணத்துலயா காட்டுவே?"

ஒப்துலியா திரும்பினாள். கணவரைப் பார்த்தாள். கண் நிறைந்தது. இடக்கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள். வலக்கண்ணில் திரண்ட நீரை என்ன செய்வதென்று தெரியாமல் தலையை அண்ணாந்தாள். அது நிற்கவில்லை. மூக்கோரமாக இறங்கியது.

கண்ணீர் பட்ட இடத்தில் அந்த வலி திரும்ப வெட்டியது.

இந்த முறை அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மக்காரியோ பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தி அவள் முகத்தைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்கப்பா!" என்று நெரெய்தா கத்தினாள். "தொட்டாத்தான் வருது! இது கோவமில்லை. தொட்டா வருது, தண்ணி பட்டா வருது, பேசினா வருது..."

சொல்லச்சொல்லத்தான் அவளுக்கே புரிந்தது. பல் துலக்காமல் உப்புத்தண்ணீரை இடப்பக்கமாகவே கொப்பளித்தது, கடித்துத் தின்னுகிற எதையும் தொடாமல் கஞ்சியாகவே குடித்தது, காற்று வருகிற பக்கம் எப்போதும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மூன்று வாரமாக எல்லாம் கண்முன்தான் நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு பிள்ளைகளில் ஒன்று தலையைச் சொறிந்தால் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியவில்லை.

*

சுகாதார நிலையம் எட்டுத் தெரு தள்ளி இருந்தது. துணியால் முகத்தை மூடமுடியாது, துணி உரசும். மூடாமலும் போகமுடியாது, காற்று. நெரெய்தா பள்ளிக்கூட அட்டை ஒன்றை எடுத்து, மூன்று சக்கர வண்டியில் அம்மாவின் வலப்பக்கம் உட்கார்ந்து, கன்னத்தில் படாமல் அதை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். காற்று அட்டையை மடக்கப் பார்த்தது. வழியில் மூன்று தடவை ஒப்துலியாவின் உடம்பு விறைத்தது. மூன்று தடவையும் நெரெய்தா வண்டிக்காரரிடம் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

டாக்டர் அனாயி படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடச் சேவைக்காக வந்திருக்கிற சின்னப் பெண். முதல் கேள்வி கேட்டதும் ஒப்துலியா பல்லைக் கடித்துக்கொண்டு பேச முயல்வதைப் பார்த்து, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"பேசவேண்டாம்மா. விரலைக் காட்டுங்க. ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. வலி நாள் பூரா நிக்குதா?"

இரண்டு விரல்.

"திடீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி வந்து, கொஞ்ச நேரத்துல போயிடுதா?"

ஒப்துலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு விரல்.

"தூங்கும்போது?"

இரண்டு. கொஞ்சம் யோசித்து, மறுபடி இரண்டு.

"எப்பவும் வலப்பக்கம்தானா? இடப்பக்கம் ஒருதடவைகூட இல்லையா? கன்னம் மரத்துப்போறது, கண்ணு மங்கறது, காது கேக்காம போறது, கைகால் தளர்றது?"

வலப்பக்கம் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை.

"எங்க தொட்டா கெளம்புது? தொடவேண்டாம், காட்டுங்க போதும்."

ஒப்துலியா மூக்கின் ஓரத்தையும் மேலுதட்டையும் காற்றிலேயே சுட்டிக்காட்டினாள். டாக்டர் மற்ற இடங்களில் பஞ்சால் தொட்டுப் பார்த்தாள். காட்டிய இடத்துக்குக் கிட்டே வந்ததும் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது பல்லு இல்லைன்னுதான் தோணுது" என்றாள். "முகத்து நரம்பு. மூளையிலேர்ந்து முகத்தோட ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பெரிய நரம்பு வருது. நெத்திக்கு, கன்னத்துக்கு, தாடைக்குன்னு மூணு கிளை. நிறையப் பேருக்கு உள்ளே ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்திக்கிட்டிருக்கும். கரண்டு வயர்ல மேல்தோல் தேஞ்சா எப்படி? லேசா பட்டாக்கூட அடிக்கும். அந்த மாதிரி."

ஒப்துலியா மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்தாள். சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்.

*அப்போ என் பல்லு ரெண்டும்?*

டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சீட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நல்ல பல்லாத்தான் இருந்திருக்கும்மா" என்றாள். "பல்லுலதான் வலி தெரியும், அதனால இது நிறையப் பேருக்கு நடக்குது. இனிமே யாராவது இன்னொரு பல்லை எடுக்கணும்னா, என்கிட்ட சொல்லாம ஒத்துக்காதீங்க."

ஒப்துலியா மறுபடி எழுதினாள்.

*நான் நடிக்கலையே?*

"இல்லம்மா." டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனுஷங்களுக்கு வர்ற வலியிலயே ரொம்ப மோசமானதுல இது ஒண்ணு. நீங்க நடிக்கலை."

மாத்திரையை எழுதிக் கையோடு கொடுத்தாள். கார்பமசெபைன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சின்ன அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டவேண்டும். தலை சுற்றும், தூக்கம் தள்ளும். உடம்பில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வரவேண்டும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுக்கவேண்டும்.

"படம் எடுக்க இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நெரெய்தா.

"எப்படிப் போவீங்க? லா வெந்தோசா பக்கம் காலையிலேர்ந்து ரெண்டு லாரி கவுந்து கெடக்கு. ரோட்டை மூடிட்டாங்க. காத்து அடங்கினாத்தான் பஸ்ஸு."

"எப்ப அடங்கும்?"

டாக்டர் சன்னலைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"இந்த மாத்திரையில சரியாயிடுமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு அடங்குது. ஆனா இன்னைக்கே அடங்கும்னு சொல்லமுடியாது. நாலஞ்சு நாள் ஆகலாம், மேலயும் ஆகலாம். மாசக்கணக்குல வராம இருந்துட்டுத் திரும்பவும் வரலாம். மருந்து கேக்கலைன்னா ஆபரேஷன் இருக்கு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "அதுவரைக்கும் காத்துல போகாம, பேசாம பாத்துக்குங்க. எனக்கும் இன்னைக்கு இதுக்குமேல ஒண்ணும் செய்யத் தெரியலை."

*

வீட்டில் மக்காரியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நரம்பு, ரத்தக்குழாய், வயர் எல்லாம் கேட்டுவிட்டு மனைவியின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அப்போ என்மேல உள்ள கோவத்துல நீ பேசாம இல்லையா?"

ஒப்துலியா காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மக்காரியோவுக்கு எழுத்து தெரியாது. முப்பத்தோரு வருடத்தில் அவர்களுக்குள் எழுதிக் காட்டவேண்டிய அவசியம் வந்ததேயில்லை.

நெரெய்தா வாங்கிப் படித்தாள். "'கோவமும் இருக்கு. பேசாததுக்குக் காரணம் அது இல்லை.'"

மக்காரியோ சிரிக்கப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது. "கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு உன்னை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? மனசுக்குள்ள. கல்நெஞ்சக்காரின்னு."

பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. சன்னல்களைச் சாத்தினார். கதவிடுக்கில் இறால் சாக்கைத் திணித்தார். ஓட்டு இடைவெளியில் பழைய துணியை அடைத்தார். அப்படியும் எங்கிருந்தோ ஓர் இழை காற்று உள்ளே வந்தது. அது எங்கே என்று நனைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை முழுக்கத் தேடினார். நடுவில் இரண்டு தடவை அவளுக்கு வலி வெட்டியது. இரண்டு தடவையும் அடுப்பருகே நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லு, நெரெய்தா. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணமுடியாதுப்பா. உக்காருங்க."

நாலரை மணிக்கு எர்மீலோ வந்தான். முகமெல்லாம் புழுதி. மதியம் விஷயம் கேட்டதும் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியவன், பெத்ரோனா வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறான்.

"எல்லாம் சொன்னேன். நரம்புன்னு சொன்னேன், டாக்டர் சீட்டைக் காட்டினேன். 'காலைல என்னைத் தள்ளும்போது அந்த நரம்பு நல்லாத்தானே வேலை செஞ்சுது'ங்கறாங்க." அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். "பொழுது சாயறதுக்குள்ள அம்மாவே வந்து, 'உங்க பொண்ணை என் பொண்ணா வெச்சுக்குவேன்'னு அவங்க வாயால சொல்லணுமாம். வரலைன்னா நாளைக்குக் காலையில யதீராவை மினத்தித்லான்ல இருக்கற அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அந்தப் பக்கத்து ரோடு மட்டும் தெறந்துதான் இருக்கு."

"அம்மாவால முடியாதுன்னு சொல்லவேண்டியதுதானே?" என்றாள் நெரெய்தா.

"சொன்னேன்க்கா! நம்பமாட்டேங்கறாங்க. பாத்தா ஒண்ணும் தெரியலையாமே! கட்டு இல்லை, வீக்கம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை." அவன் அம்மாவைப் பார்த்தான். "நீ வரவேண்டாம்மா. நான் இன்னொரு தடவை போய்க் கால்ல விழறேன்." சொல்லிவிட்டு வெளியே ஓடினான். கதவு திறந்த வேகத்தில் காற்று உள்ளே பாய, மக்காரியோ தாவிப்போய்த் தன் முதுகால் கதவைச் சாத்தினார்.

ஒப்துலியா காகிதத்தை இழுத்தாள். டாக்டர் முன்னாலேயே போட்ட முதல் மாத்திரையின் மயக்கத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. எழுதி முடித்து நெரெய்தாவிடம் நீட்டி, விரலால் மக்காரியோவைச் சுட்டிக்காட்டினாள். அவரிடம் படித்துக்காட்டு.

*இப்பவே என்னை பெத்ரோனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எவ்வளவு வலிச்சாலும் நானே பேசறேன். அந்தப் பொண்ணு இல்லாம எம்புள்ள உசுரோட இருக்கமாட்டான்.*

நெரெய்தா ஒருமுறை படித்தாள். காற்றில் சுகாதார நிலையத்தைத் தாண்டி இன்னும் ஆறு தெரு போகவேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபிறகு ஒரு முழு வாக்கியம், நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிற பெத்ரோனாவின் முன்னால். படித்துக்காட்டினால் அப்பா மறுக்கமாட்டார். இன்றைக்கு அம்மா என்ன கேட்டாலும் செய்வார்.

"என்ன எழுதியிருக்கா?" மக்காரியோ ஆவலோடு கிட்டே வந்தார். "என்கிட்டத்தானே சொல்றா? நான் ஏதாவது செய்யணுமா?"

"ஆமாப்பா." நெரெய்தா காகிதத்தை நாலாக மடித்துப் பாவாடைச் சொருகில் வைத்துக்கொண்டாள். "படுத்துக்கணுமாம். உள்ளறையில ஊஞ்சலைக் கட்டச் சொல்றாங்க."

மக்காரியோவின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வாரத்தில் மனைவி அவரிடம் கேட்கிற முதல் காரியம். "இதோ! காத்து படாத மூலையாப் பாத்துக் கட்டறேன்!" என்று பின்கட்டுக்கு ஓடி, வலை ஊஞ்சலை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குள் போனார்.

ஒப்துலியா மகளைப் பார்த்தாள். காகிதத்துக்காகக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா" என்றாள் நெரெய்தா மெல்ல. "கும்பிட்டுக் கேக்கறேன். வேண்டாம்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. நெரெய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சன்னல் விளிம்பில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

ஒப்துலியா நீட்டிய கையை மடக்கினாள். மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். நெரெய்தா திரும்புவதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"மக்காரியோ..."

உள்ளறையில் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், மூன்று வாரத்துக்குப் பிறகு தன் பெயரைக் கேட்டு, தன்னை மறந்து சிரித்த முகத்தோடு திரும்பினார்.